மஞ்சள் வில்லை ஆடுகள்

ஜூன் 12

அன்புள்ள பூச்சிக்கு,

நானும் ஆடுகளும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதிதான் உண்மை. காதில் மஞ்சள் வில்லை போட்டவற்றில் ஒரு குட்டி நேற்றிலிருந்து மேயவில்லை. இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. வெள்ளை வில்லைக்காரர்கள் மருந்து குடித்துவிட்டுத் துள்ளுகிறார்கள், இது பக்கத்திலேயே தலை தொங்கி நிற்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரே ஒரு வாய் புழு மருந்து ஊற்றட்டுமா? வாராவாரம் புழுக்கையைப் புட்டியில் அடைத்து உனக்கு அனுப்புகிறேன். தபால்காரர் என் பார்சலைக் கண்டாலே மூக்கைப் பிடிக்கிறார். இவ்வளவு செய்கிறவளுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாதா? நீயும் ஒரு நடை வந்து பாரேன். சின்ன வயதில் புழு பூச்சியைக் கண்டால் சோற்றை மறப்பாய், அதனால்தானே உனக்குப் பூச்சி என்று பெயரே வந்தது. ஆராய்ச்சிக்காரி ஆனதும் அக்காவையே மறந்துவிட்டாய்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஊற்றாதே. கெஞ்சிக் கேட்கிறேன். மருந்தே இல்லாமல் எந்த ஆடு தன் உடம்பின் பலத்தால் வயிற்றுப் புழுவைத் தாங்குகிறது என்பதுதானே என் ஆராய்ச்சி? மஞ்சள் வில்லைக்கு மருந்து போனால் இத்தனை வருட வேலையும் பாழ். பல இடங்களில் புழுக்கள் இப்போது மருந்துக்கே மசிவதில்லை. தாங்குகிற ஆடுகளைக் கண்டுபிடித்தால்தான் வழி. என் வேலை நிரந்தரமாவதும் இதைப் பொறுத்துத்தான்.

குட்டியை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வரலாம் என்றால், நீ அனுப்பும் புழுக்கையில் புழு முட்டைகளை எண்ண இங்கே வேறு ஆள் இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொள், அக்கா.

உன் பூச்சி

ஜூலை 3

பூச்சி,

குட்டி தேறிவிட்டது. தானாகத்தான். மற்றபடி நலம்.

அக்கா

ஜனவரி 27

என் தங்க அக்காவுக்கு,

கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி. மஞ்சள் வில்லை ஆடுகளின் முட்டைக் கணக்கு சரசரவென்று இறங்கிவிட்டது! உன் பட்டியின் ஆடுகள் மருந்தில்லாமலே புழுவை அடக்குகின்றன. கட்டுரை வெளியாகிவிட்டது. வேலையும் நிரந்தரம். சேதி கேட்டதும் ஆய்வுக்கூடத்துக் கழிவறையில் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மஞ்சள் வில்லைக் கிடாக்களை ஆடு வளர்ப்போர் சங்கம் இனவிருத்திக்குக் கேட்கிறது. அடுத்த மாதம் வண்டி வரும். எல்லாம் உன்னால்தான்.

உன் பூச்சி

பிப்ரவரி 5

அன்புள்ள பூச்சிக்கு,

உன் கடிதத்தை ரேஷன் கடைக்காரி வரை படித்துக் காட்டிவிட்டேன். நீ இவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததே இல்லை.

கிடாக்களை அனுப்பத்தான் வேண்டுமா? போன வருடம் மழை குறைவு, மேய்ச்சலும் மாறியது. அதனாலும் புழு குறைந்திருக்கலாமே. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும். எனக்குப் படித்தவர்களின் விஷயம் புரியாது, சும்மா சொன்னேன்.

அக்கா

நவம்பர் 8

அக்கா,

சங்கத்துப் பட்டிகளுக்குப் போய்விட்டு வந்தேன். நம் கிடாக்களுக்குப் பிறந்த குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. நானே வயிற்றைத் திறந்தேன். எல்லாவற்றிலும் புழு மொய்த்துக் கிடந்தது. கிடாக்களும் எலும்பும் தோலுமாக நிற்கின்றன.

ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “மருந்து வேண்டாம், இந்த ஜாதி தாங்கும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதான் நாங்க ஊத்தல” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போன வருடம் மேயாமல் நின்ற அந்தக் குட்டி தானாகவா தேறியது?

நவம்பர் 15

பூச்சி,

இல்லை. உன் கடிதம் வந்த அன்றே ஊற்றினேன். அது சாக நான் பார்த்துக்கொண்டு நிற்கவா? எழுந்து நின்றதும் மற்றதுகளும் என் முகத்தையே பார்ப்பது போல இருந்தது. எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். அப்புறமும் நிறுத்தவில்லை.

சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் உன் சந்தோஷக் கடிதம் வந்துவிட்டது. அதைப் படித்த பிறகு எந்த வாயால் சொல்வேன்? அந்த ஊர்க் குட்டிகள் இதனால் சாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லையடி. என்னைக் கண்டபடி திட்டு. ஆனால் எழுது.

அக்கா

டிசம்பர் 2

அக்காவுக்கு,

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். தவறு யாருடையது என்று கேட்டார்கள். பட்டியை ஒருமுறைகூட நேரில் பார்க்காத என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய்யில்லை. வேலை போய்விட்டது. சங்கத்துப் பட்டிகளில் மீந்த ஆடுகளுக்கு மருந்து ஊற்ற அந்த ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

நீ மறுபடி கேட்டிருந்தாலும் நான் ஊற்றாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் குட்டி செத்திருக்கும். அதை நினைத்தால் உன்மேல் கோபப்படவும் முடியவில்லை. என் மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்தாய், அதுவும் தெரியும்.

ஆனால் இனி நீ நலம் என்று எழுதினால், நிஜமாகவே நலமா, இல்லை எனக்காக அப்படி எழுதினாயா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிக்க என்னால் ஆகாது.

எழுதாதே, அக்கா.

தங்கை