ஈர விறகுக்குக் காய்ந்த எடை

தங்கச்சி,

நேற்று விறகு விலையை ஏற்றிவிட்டார்கள். அம்பத்தூரில் விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்பவர்கள் எல்லோரும் டீக்கடையில் கூடிப் பேசி முடித்தார்கள். நான் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். தொட்டிக்குத் திரும்பினால் பொன்னேரி லாரி பச்சைச் சவுக்கை இறக்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரப் பட்டையின் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது.

ஈரானில் கலவரமாம், எண்ணெய் வரத்துக் குறைந்துபோச்சாம். பேப்பர் அப்படித்தான் சொல்கிறது. இங்கே கள்ளிக்குப்பம் ரேஷன் கடையில் மறுபடியும் மண்ணெண்ணெய் டின்கள் வரிசையில் நிற்கின்றன. டின்னை வைத்துவிட்டு ஆட்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஸ்டவ் அணைந்த வீடெல்லாம் என் தொட்டிக்கு வருகிறது.

சில வருஷம் முன்பு அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை ஏற்றியபோதும் இதே கதைதான். ஆலை வாசலில் நீ இட்லிக்கடை போட்ட புதிது. புருஷன் இல்லை, பன்னிரண்டு வயசில் ஒரு பெண், அந்தக் கீற்றுக் கொட்டகையை விட்டால் வேறு வழியும் இல்லை. நான் விலையை ஏற்றிய அன்றைக்கே நீ வந்து தராசுக்கு எதிரே நின்றாய்.

“இன்னா அண்ணாத்தே, பேப்பர்ல எண்ணெ வெல ஏறிச்சின்னா ஒன் சவுக்குக்கு இன்னா வந்துது? அது இன்னா அரபு நாட்லயா மொளச்சிது?”

“கிருஷ்ணாயில் கெடைக்காதவன்லாம் இங்கதாம்மா வரான். கிராக்கி கீது, ஏத்தறேன்.”

“ஏத்திக்கோ. ஆனா வெறகு குடு. நீ தண்ணியத்தான எட போட்டுக் குடுக்கறே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் நீ சொன்னது சரி. அரிசிக்காரன் பூட்டி வைத்தால் லாபம். விறகுக்காரன் பூட்டி வைத்தால் காயக் காய எடை இறங்கி நஷ்டம். அதனால் விலை ஏறும்போது ஈரம் சொட்டச் சொட்டத் தள்ளிவிடுவோம். வாங்குகிறவன் அடுப்படியில் இருமட்டும் என்பதுதான் எங்கள் தொழில்.

ஆனால் உனக்கு இருமல் மட்டுமா பிரச்சினை? “ஆலச் சங்கு ஊதறதுக்குள்ள இட்லி வேகணும். ஒன் வெறகுல இட்லி வேகல, என் கண்ணுதான் வேகுது. வெல ஏத்தி வித்தா ஆலைக்காரன் ஊட்லேர்ந்தே பழையது கட்டிகினு வந்துருவான்” என்றாய். அதோடு நிற்காமல், என் தொட்டி குறுகலானது, வருகிற லாரிக்கு இடம் இல்லை என்பதையும் கண்ணாலேயே அளந்துவிட்டிருந்தாய்.

“என் ஊட்டுக் கொல்ல சும்மாதானே கீது? பச்ச வெறக அங்க அடுக்கு. காயட்டும். நான் எரிக்க எடுக்கிற அன்னிக்கி எட போட்டுக் காசு தரேன். வெல மட்டும் தையிலேர்ந்து தை வரிக்கும் ஒண்ணுதான். நடுவுல ஏறிச்சின்னா எனக்கு லாபம், எறங்கிச்சின்னா ஒனக்கு லாபம்.”

இடத்துக்கு ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. அப்படி நினைத்திருந்தால் நீயே வந்திருக்கமாட்டாய்.

மறு வருஷம் மண்ணெண்ணெய் தாராளமாக வந்தது, விறகு விலை சரிந்தது. திருமுல்லைவாயில் பக்கத்திலிருந்து மாட்டுவண்டிக்காரர்கள் உன் கடை வாசலிலேயே வந்து மலிவாகக் கூவினார்கள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பேசிய விலையையே கொடுத்தாய். ஏன் என்று கேட்டதற்கு, “என்ன நல்லவள்னு நெனச்சிக்காத அண்ணாத்தே. அடுத்த வாட்டி ஏறும்போது நீ ஓடிடக் கூடாதில்ல, அதுக்குத்தான்” என்றாய்.

அந்த அடுத்த முறை இப்போது வந்திருக்கிறது. நீதான் இல்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

டீக்கடையில் எதிர்த்தொட்டிக்காரன் சொன்னான்: “மச்சான், அவளே பூட்டா. இனிமே யார்கிட்ட பேச்சு? நீ மட்டும் பழைய வெலைக்கிப் போட்டா எங்க பொழப்பு இன்னா ஆவறது?” அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டீசல் ஏறியிருக்கிறது, லாரி வாடகை ஏறியிருக்கிறது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கிற சண்டைக்குக் கடைசியில் காசு கொடுப்பவள் ஆலை வாசலில் அடுப்பு ஊதுகிறவள்தான். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு பேச்சு நிற்கிறவரை அவள் கடையும் நிற்கும், என் தொட்டியும் நிற்கும். நெருக்கடிக்கு நெருக்கடி வாடிக்கையை மாற்றுகிறவன் கடைசியில் தராசோடு தனியாக உட்கார்ந்திருப்பான். இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்று காலை உன் மகள் வந்தாள். உன்னைப்போலவே தராசுக்கு எதிரே.

“அம்மா பேசினது அம்மாவோட பூடுச்சா மாமா? பூடுச்சின்னா இப்பவே சொல்லிடு, நாளைலேர்ந்து கடைய மூடிர்றேன்.”

“போவல. ஆனா பழைய வெலைக்கிக் கட்டாது. மூணு ரூபா கூடக் குடு.”

“அப்போ கொல்லைக்கி வாடக குடு.”

உன்னிடமாவது சிரிப்பு இருந்தது. இவளிடம் அதுவும் இல்லை. வெயில் ஏறும்வரை பேசினோம். முடிவு இது: குவிண்டாலுக்கு ஒரு ரூபாய் மட்டும் கூடுதல். காய்ந்த எடை. தை முதல் தை வரை ஒரே விலை. லாரி வாடகை இனி எவ்வளவு ஏறினாலும் என் பொறுப்பு. கொல்லைக்கு வாடகை கிடையாது. நான் தின்னும் இட்லிக்குக் காசு உண்டு.