சுடாத குழலுக்கு விலை

சங்கரன்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவின் ரிவால்வரை விற்கத் திருநெல்வேலிக்குப் போய் நன்றாக அவமானப்பட்டேன். பளபளவென்று இருந்தால் நல்ல விலை வருமென்று, முந்தின நாள் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். துப்பாக்கிக் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ணிட்டிய அண்ணாச்சி! பழைய துப்பாக்கி சேக்குதவன் அந்தப் பழைய கருப்புக்குத்தான துட்டு கொடுப்பான்? பாதி விலைய நீங்களே தேய்ச்சுட்டியளே!"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உன் அப்பாவின் படிப்புதான் ஊருக்கே தெரியுமே.

நீ சொல்லாமல் போய் மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தாய். வீட்டுக்கு வா என்று அவள் அழுதாள். "அப்பா துப்பாக்கி இன்னும் பீரோவுலதான் இருக்கா?" என்று நீ கேட்டாயாம். இனி இல்லை மக்கா.

கடைக்காரர் பிறகு குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. "உள்ள ஒரு கீறல் இல்லியே! ஒரு காக்காயயாவது சுட்டியளா?"

"வேட்டுச் சத்தம்னாலே எனக்குப் பயம்லா" என்றேன்.

சுடாத குழல் என்பதற்காக விலையைக் கொஞ்சம் ஏற்றினார். நியாயமான விலைதான். கையெழுத்து வாங்கும்போது, "இம்புட்டு நாள் வச்சிருந்துட்டு இப்ப எதுக்கு விக்குதிய?" என்று கேட்டார்.

கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். என் மகள் என்னை நினைத்துப் பயப்படுகிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் அப்பா