ஏழுக்கு ஒன்று கூட, எட்டுக்கு ஒன்று குறைய

பீடோங் தோட்டம்,
ஆடி மாதம், 1943

அன்பு மகள் குணவதிக்கு, இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி பரஞ்சோதியும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் சுகமாக இருக்கிறோம், கிள்ளானில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிடச் சுகமாக இருக்க மாரியாத்தா துணை. கருவாட்டு வியாபாரி வடிவேலு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, சமாசாரம் அப்படி.

போன வாரம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஒரு ஜப்பான்கார ஆபீசர் வந்தான். முன்பு போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை என்று உனக்கும் தெரியும். இளவட்டங்களைத் திடலில் நிறுத்தி, மேளத்தில் பலமான அடி விழும்போது இடது காலை வைத்து நடக்க வேண்டும், கால் தப்பாதவன் லாரியில் ஏற வேண்டும் என்றான். மேளத்துக்குக் கோயில் தவில்காரன் நான்தானே. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சீனிவாசகம் என் காதில் "பக்கிரி, ஒழுங்கா அடிச்சிருலா, இல்லேன்னா நம்ம ரெண்டு பேரு தலையும் போயிரும்" என்றார். ஒழுங்காகத்தான் அடித்தேன், தகிட தகதிமி என்று ஏழு எண்ணிக்கையில். எட்டு எண்ணி அடித்தால் பலமான அடி எப்போதும் இடது காலில் விழும், ஏழென்றால் ஒரு சுற்று இடதில், மறு சுற்று வலதில். இடது காலைத் தேடித் தேடிப் பையன்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே, பழனியாண்டி தனக்கு முன்னால் போனவன் குதிகாலை மிதிக்க, வரிசையே சரிந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் சிப்பாய் மாதிரி நடக்கிறான், யாரென்று பார்த்தால் நம் பரஞ்சோதி! பஜனையில் அவன் ஜால்ரா போடும் லட்சணம் உனக்குத் தெரியாததா, ஏழடிப் பாட்டில் ஒன்றைச் சேர்ப்பான், எட்டடிப் பாட்டில் ஒன்றை விழுங்குவான். இங்கேயும் ஒன்றைச் சேர்த்து எட்டாக்கிக்கொண்டு, பலமான அடிக்கெல்லாம் இடது காலை வைத்து ஜம்மென்று போகிறான். ஆபீசர் மற்றவர்களைத் துரத்திவிட்டு, இவனைத் தனியாக நடக்கச் சொன்னான். மாரியாத்தாளை நினைத்து, பிசகில்லாத எட்டு அடித்தேன். பிள்ளை என்னைக் கைவிடவில்லை. வழக்கம்போல ஒன்றை விழுங்கி, கால் பின்னி, ஆபீசர் பூட்ஸ் மேலேயே குப்புற விழுந்தான். ஆபீசர் எனக்கொன்று, அவனுக்கொன்று அறைந்துவிட்டு வெறும் லாரியோடு போய்விட்டான். அந்த அறையைப் பிரசாதம் போல வாங்கிக்கொண்டேன்.

உன் அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனோ "நல்லாத்தான் நடந்தேன், அப்பாதான் கெடுத்துட்டாரு" என்று என்னோடு பேசாமல் இருந்தான். இப்போது வீம்பாகத் தாளம் கற்றுக்கொடு என்று தினமும் ஜால்ராவோடு வந்து உட்காருகிறான், நானும் முதுகுவலி, காய்ச்சல் என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். ஆபீசர் மறுபடி வருவானாம்.

குழந்தையை மழையில் விடாதே, மாப்பிள்ளையை வாயை அடக்கிப் பேசச் சொல். மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்க. விளக்கு வைக்கும்போது மறக்காமல் தம்பிக்காக வேண்டிக்கொள், ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போகிறவரை பிள்ளைக்குத் தாளம் மட்டும் வந்துவிடக் கூடாது.

ஆசீர்வாதத்துடன் உன் அப்பா,
பக்கிரிசாமி