மாமா மாலையைக் கழற்றிய வாரம்

டிச. 12, வெள்ளி

காலையிலிருந்து தூறல். பிசிக்ஸ் ரெக்கார்டு பாக்கி. கிடக்கட்டும்.

ரகு மாமா (அம்மாவின் தம்பி) சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். பதினெட்டாம் வருடம். போய் வந்தால் இவரும் குருசாமி. இப்போதே ஆசி கேட்டுக் காலில் விழுந்து, உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினேன். மாலை போட்டவர் கோபப்படக் கூடாதாம். விரதகாலம் எனக்கு அறுவடைக்காலம்.

டிச. 13, சனி

பஜனை. சுண்டல். பிறகு சண்டை.

மாமா பாலியேட்டிவ் தொண்டர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புண் கட்டி விடுவார். இப்போது யேசுதாஸ் தாத்தாவுக்கு. அதற்குத்தான் மாமாவின் குழுவை நடத்தும் குருசாமி பிடித்துக்கொண்டார்.

"சாமி, மாலை கிடக்க வரைக்கும் அத நிறுத்தும். யேசுதாஸ் இன்னைக்கோ நாளைக்கோ. சாவுத் தீட்டு பட்டா விரதம் போச்சு. தொண்டுக்கு வேற ஆளு உண்டு."

"அவருக்கு இல்ல சாமி. ஒரே மோன், அவனும் கல்ஃபிலயாக்கும்."

"நாமம் சொல்லுகதும் சேவைதான்."

"நாமம் சொல்லிட்டுதான் குளிப்பாட்டுகேன்."

குருசாமி பக்கமும் நியாயம் உண்டு. பதினேழு வருடம் காத்ததை இப்போது ஏன் கெடுக்க? அம்மாவுக்கும் அதே பயம்.

டிச. 15, திங்கள்

பள்ளி விட்டு வரும்போது யேசுதாஸ் தாத்தா வீட்டில் எட்டிப் பார்த்தேன். "சாமி, வாயத் திறயும்" என்று மாமா கஞ்சி ஊட்டுகிறார். மாலை போட்டவருக்கு எல்லாருமே சாமி. தாத்தாவோ சர்ச்சில் முன்வரிசை ஆள்.

"எலே, பாஸ்டர் கேட்டா என்னைய சபைய விட்டே தள்ளுவாரு." சிரித்ததில் பாதிக் கஞ்சி மாமாவின் கறுப்பு வேட்டியில்.

டிச. 17, புதன்

கணக்குப் பரீட்சை. பேச வேண்டாம்.

மத்தியானம் தாத்தா வீட்டிலிருந்து போன். மூச்சு இழுக்கிறதாம். மாலையைக் குருசாமி கையால்தான் கழற்றவேண்டும். மாமா தானே கழற்றினார். மணி காதில் சிக்கிக்கொண்டது. சாமி படத்தில் மாட்டினார்.

"இருந்து ஆலோசிச்சிட்டு போடா," அம்மா.

"ஆலோசிச்சாச்சு அக்கா."

சாயங்காலம் தாத்தா போய்விட்டார். தலை மாமாவின் மடியில். குளிப்பாட்டி, முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டதும் மாமாதான். என் மாமா. எழுதவே கொஞ்சம் கெத்தாக இருக்கிறது.

டிச. 20, சனி

கோயில் முன்னால் வேன். கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே மாமா மட்டும் நீலச் சட்டையில், அரிசி மூட்டையும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டிருந்தார். குருசாமி இறங்கி வந்தார்.

"ரகு" என்றார். சாமி இல்லை. எனக்கே சுருக்கென்றது.

"நீ செய்தது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல்ல. அடுத்த வருஷம் எனக்க பக்கத்துல இருந்து வா."

மாமா தலையாட்டினார். "சாமியே சரணம்" விளி. வேன் போயிற்று. ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். மாமா மூக்கை உறிஞ்சியதும் விழுங்கிவிட்டேன்.

"ஏட்டி, தள்ளி நில்லு, வண்டிய எடுக்கட்டு. கள்ளிக்காட்டுல ஒரு அம்மச்சி இன்னும் குளிக்காம கிடக்கு."