உன் மாமா கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகமாவும் ஓரளவு புத்தியோடவும் இருக்கோம், உன் மாமாவைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாம இருக்கீங்கன்னு நம்புறேன். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், நெஞ்சுக்கு நல்லதுன்னு டாக்டர் ஆலிவ் எண்ணெய்க்கு மாறச் சொன்னாருன்னு போன்ல சொன்னேன் இல்லையா, அது என் தம்பி காதுல விழுந்துது, அதோட போச்சு. மறுநாளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைத் தூக்கிட்டு வந்துட்டான். யாரோ தெரிஞ்சவர் குடோன்ல எடுத்தானாம். தங்கமா மின்னுது பாருக்கா, ஃப்ரிட்ஜ்ல வெச்சு உறைஞ்சா அசல்னு அர்த்தம்னு ஒரு பிரசங்கம். வெச்சான், உறைஞ்சுது, தானே பிழிஞ்சு எடுத்த மாதிரி மீசையைத் தடவிக்கிட்டான். குளிர்ல தேங்காய் எண்ணெயும்தான் உறையும். இவன் மூளைகூடத்தான் உறைஞ்சு கிடக்கு, அதை அசல்னு சொல்ல முடியுமா? கேன்ல 'லைட்'னு கொட்டை எழுத்து வேற, கொழுப்பு கம்மின்னு எனக்கே விளக்கினான், காலமெல்லாம் மருந்துக்கடையில லேபிள் படிச்ச எனக்கு! வாசனையும் ருசியும் போகச் சுத்திகரிச்சா அது லைட், கொழுப்பு துளியும் குறையாது.

எனக்கு அப்போ கடும் ஜலதோஷம், மூக்கே வேலை செய்யல, அதைத்தான் ஊத்திச் சமைச்சேன். அப்பா தட்டை ரெண்டு வாய்ல நகர்த்திடுவார். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. திரும்ப நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு நான் உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டிருந்தேன். மூக்கு திறந்த அன்னிக்குக் கேனைத் திறந்தா, பழைய மெழுகுப் பென்சில் டப்பா மாதிரி, எண்ணெய் கெட்டுப்போன காறல் வாடை! அப்பாவைக் கேட்டா, அன்னிக்கே தெரியும், உன் தம்பி ஆசையா வாங்கிட்டு வந்தான், மனசு நோகுமேன்னு பேசாம இருந்தேன்றார். நெஞ்சு நோவுக்காரர் மச்சான் மரியாதைக்காகப் பட்டினி கிடந்திருக்கார், இதை எங்க போய்ச் சொல்ல!

அத்தனையும் குப்பைக்குப் போச்சு. நானே கடைக்குப் போனேன். அங்கயும் பாதி பாட்டில் வெள்ளைக் கண்ணாடி, வெளிச்சம் பட்டா எண்ணெய் கெட்டுடும், அது டியூப்லைட்டுக்கு நேரா நின்னு வெந்துக்கிட்டிருக்கு, இலையும் கிளையுமா படத்துக்கு மட்டும் குறைச்சலில்ல. பின்பக்க அலமாரியில கருப்புப் பாட்டில் ஒண்ணு, சின்னது, எக்ஸ்ட்ரா வெர்ஜின், அதாவது சுத்திகரிக்காம அப்படியே பிழிஞ்சது, காய் பறிச்ச மாசமும் விளைஞ்ச தோட்டமும் போட்டிருந்துது. எங்கயோ அடைச்சு எங்கெங்கயோ கலந்ததுன்னு மழுப்பல. எடுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை, புது எண்ணெய்ல சமைச்சு அப்பாவுக்குத் தட்டு வெச்ச நேரத்துல மாமா வந்தான். ஒரு ஸ்பூன் ஊத்திக் குடிடான்னேன். குடிச்சான், தொண்டையில மிளகு மாதிரி காரம் ஏறி லொக்கு லொக்குன்னு இருமி, அக்கா, இது கலப்படம், தொண்டையைப் பிடிக்குது, கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்னு தீர்ப்பு சொன்னான்! அந்தக் காரம்தான்டா புது எண்ணெய்க்கு அடையாளம்னு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, அப்பா சிரிச்சார். கண்ணுல தண்ணி வர, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுக்கப்புறம் அவர் சிரிச்சது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்போடவே தட்டைக் காலி பண்ணிட்டு, இன்னும் கொஞ்சம் வைன்னார். மாமாவை மன்னிச்சுட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதே.

நீயும் உன் வீட்டு எண்ணெயை இன்னிக்கே மோந்து பாரு, அடுப்புச் சூடு படற இடத்துல வெச்சுக் கெடுத்திருந்தா என் மகளே இல்ல நீ. ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்,
அம்மா