இரண்டு ‘இல்லை’யையும் அடித்து எழுது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், உன் மூச்சு அங்கே தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் இப்போது எங்கள் ஒரே வேண்டுதல். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் மதிய ஷிப்டு ஆகிவிட்டது, அதனால் காலையெல்லாம் ஈரத்துணியும் கையுமாக வீட்டைச் சுற்றி வருகிறாள், நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் என்னையும் துடைத்துவிடுவாள் போலிருக்கிறது.

எல்லாம் நீ அனுப்பிய படத்தால் வந்தது. உங்கள் கல்லூரி மருத்துவர் மாணவர்களுக்குக் கொடுத்த படிவத்தைப் படம் எடுத்து, சின்ன வயதில் போட்ட ஊசிகளின் தேதி கேட்டிருந்தாய் அல்லவா. எனக்கு எங்கே தேதி ஞாபகம் இருக்கிறது, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாராவாரம் வரும் நர்சம்மாவிடம் காட்டினேன். அவர் ஊசியை விட்டுவிட்டு, தும்மல் மூக்கடைப்பு பற்றிய கேள்விகளையும் நீ எழுதியிருந்த பதில்களையும் படித்தார். ஒவ்வாமையால் வரும் தும்மலும் மூக்கடைப்பும் படிக்கிற பிள்ளைகளிடம் சர்வசாதாரணமாம், பெற்றவர்கள்தான் சளி என்று விட்டுவிடுகிறார்களாம். நான் நம்பாமல் நின்றதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்துப்போய், காய்ச்சல் இல்லாமலே காலையில் தும்முறவங்க கை தூக்குங்க என்றார். நாற்பது பேரில் பதினேழு கை. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், தூசி, புகை, பூனை முடி, காற்றுப் புகாத ஈர அறை எல்லாம் அதைக் கிளப்பிவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இந்த கிளாஸை யாரு, எப்ப கூட்டுறாங்க என்று கேட்டார். துடைப்பம் என் கையில்தான் இருந்தது. நான்தான், மணி அடிக்கிறதுக்குக் கால்மணி முன்னாடி என்றேன்.

அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு விடியற்காலை ஷிப்டு என்று ஆறு வருஷம் உன்னை என்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். எட்டு அறையையும் நான் வெறும் துடைப்பத்தால் கூட்டி, டஸ்டரைச் சன்னல் கம்பியில் தட்ட, நீ முதல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். நீ தும்மும்போதெல்லாம் நூறு ஆயுசு என்று சொன்னேனே தவிர, துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. எழுதாமல் ஏமாற்றப் பார்க்கிறாயா என்று திட்டியும் இருக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்ற கேள்விக்கு நீ இல்லை என்று எழுதியிருக்கிறாய், அது என் பொய். முப்பது வருஷமாகக் காலையில் பத்துத் தும்மல் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சளி சளி என்று உன் அம்மாவிடம்கூடச் சாதித்தேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சிறுவயதில் தூசியில் இருந்ததுண்டா என்பதற்கும் இல்லை என்று எழுதி, அப்பாவின் தொழில் என்ற இடத்தில் பள்ளி ஊழியர் என்று போட்டிருக்கிறாய். என் மனம் நோகுமே என்று எழுதினாயா, தோழிகள் பார்ப்பார்களே என்று எழுதினாயா, நான் கேட்கப்போவதில்லை, எதுவானாலும் உன்மேல் கோபமில்லை. ஆனால் பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. மூக்கடைத்துத் தூக்கம் இல்லை, கடை மாத்திரை போட்டால் வகுப்பில் தூங்கிவிடுகிறேன் என்று அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்த மருத்துவர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்? இப்போது நான் பள்ளி விட்ட பிறகு ஈரத்துணியால்தான் துடைக்கிறேன், முட்டிதான் கேட்க மாட்டேன் என்கிறது. என்ன புது வழக்கம் என்று தலைமையாசிரியர் கேட்டார், என் மூக்கைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் வேலையை விட்டு எடுக்கவில்லை, ஒரு பெட்டி முகக்கவசம் கொடுத்தார்.

நாளைக்கே மருத்துவரிடம் போ, கடை மாத்திரையை நீயாகப் போடாதே. அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டிருந்தாலும் திரும்ப வாங்கி, இரண்டு இல்லையையும் அடித்துவிட்டு, அப்பாவுக்கும் உண்டு, அவர் வகுப்பறை கூட்டுகிறவர், அவர் கூட்டும்போது நானும் அங்கேதான் இருந்தேன் என்று எழுது. வெட்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக மூச்சை அடக்கிக்கொள்ளாதே அம்மா. நோய்நொடி இல்லாமல் படித்து நல்லபடியாக வர வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். எழுதிக் கொடுத்ததும் ஒரு வரி தகவல் சொல். அந்த ஆறு வருஷத்துக்கு என்னை மன்னித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா