வாசல்வரை போன கோடி

ஆடி வெள்ளிக்குத் தாம்பாளம் எடுக்க பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. தாம்பாளத்துக்கு அடியில் உன் பச்சைச் சேலை. கடைக்காரன் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. சாவுக்கு எடுத்த கோடியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, ஏரியில் விட்டுவிடு என்று தெருவே சொன்னது. என் வீட்டுப் பெண்ணின் சேலை என் வீட்டில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

நான் உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வெள்ளானூர் வந்த வருஷம், உனக்குத் தாவணி புதிது. ஆடி வெள்ளியன்று என் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு இழுத்துப் போனாய். வேப்பமரத்தடியில் இடுப்பளவு கல். அதில் மூக்கு தேய்ந்துபோன ஒரு பெண். ஊரே அவளுக்குப் புதுச்சேலை சாத்திக்கொண்டிருந்தது.

"இது சாமி இல்ல அண்ணி. நம்ம ஊட்டுப் பொண்ணு. ராணியாப் பூட்டா" என்றாய்.

நீ சொன்ன கதைதான் எனக்குத் தெரிந்த கதை. இந்தப் பக்கத்தை ஆண்ட சிற்றரசனின் மகள். பெரிய ராஜா படையோடு ஏரிக்கரையில் வந்து இறங்கினான். சண்டை வேண்டாமென்று தகப்பன் மகளைக் கொடுத்தான். அரண்மனையில் எல்லாம் இருந்தது. திரும்பி வர வழி மட்டும் இல்லை. அவளுக்கு முன்னும் தேவிமார், பின்னும் தேவிமார். பெற்ற பிள்ளையை மூத்த ராணி மடியில் போட்டு வளர்த்தார்கள். தகப்பன் சாவுக்கும் அனுப்பவில்லை. ராஜா போரில் விழுந்ததும் அவளையும் சிதையில் ஏற்றினார்கள். பிறந்த வீட்டுக் கோடியோடு ஓடின அண்ணனைக் கோட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் திரும்பி வந்து இந்தக் கல்லை நட்டு, அதன்மேல் அந்தச் சேலையைப் போர்த்தினான். பிறந்த வீட்டுக் கோடி விழுந்தால்தான் பெண்ணின் கட்டை வேகும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. அவளுக்கு விழவில்லை. அதனால்தான் ஊர் வருஷா வருஷம் சாத்துகிறது.

ஐந்தாவதுவரை நான் படித்த சரித்திரத்தில் ராஜாக்கள்தான் இருந்தார்கள். இவளுக்கு ஒரு வரி இல்லை.

"ராணிக்கு இன்னா அண்ணி கொற? சாணி அள்ள வேணாம், நாத்து நட வேணாம். என்னை எவனாச்சும் ராஜா கேட்டா, பல்லக்குல நானே ஏறிக் குந்திக்குவேன்" என்று சிரித்தாய்.

"வாய அலம்புடி. நல்ல நாளும் அதுவுமா!" என்றேன்.

கேட்டார்கள். பூந்தமல்லி, ரைஸ் மில் வீடு. வாசலில் கார் வந்து நின்றதும் தெருவே எட்டிப் பார்த்தது, எனக்கும் பெருமைதான். தலைப்பிரசவத்துக்கே உன்னை அனுப்பவில்லை. எங்கள் வீட்டு மருமகள்கள் வெளியே தங்கும் பழக்கமில்லை என்றாள் உன் மாமியார். நான் ஆடிச் சீர் கொண்டுவந்தால் முன்னறையிலேயே உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு தடவை பட்டும் நகையுமாக வந்து என் பக்கத்தில் குனிந்தாய்.

"ராணி எப்டிக் கீறா அண்ணி?"

"புதுச்சேல கட்டிகினு ஜம்முனு கீறா."

"அவளுக்காச்சும் பொறந்த ஊட்டு ஆளுங்க பக்கத்துல கீறாங்க" என்றாய். அப்போது நீ சிரிக்கவில்லை.

உன் அண்ணன் கண்ணை மூடிய பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாய். "அண்ணன் இல்லேன்னாலும் கோடி நம்ம ஊட்லேர்ந்து வரணும். நீதான் எடுத்துகினு வரணும். பட்டு வேணாம் அண்ணி, ஒடம்பெல்லாம் எரியுது. நூல் சேல, பச்சயில எடு."

நீ போன சேதி அவர்களிடமிருந்து வரவில்லை; தெரிந்தவர் யாரோ சொன்னார். ஆவடியில் கடை திறக்கும்வரை நின்று, பச்சையில் எடுத்து, ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்தேன். வந்தபோது உன் வீட்டு வாசலைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உன்னை எடுத்துவிட்டார்கள் என்று.

உன் கொழுந்தன் வந்தான். "லேட் பண்ணிட்டீங்களே. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க, காக்க வெக்க முடியல. நாங்கதான் பட்டு சாத்திட்டமே, அதுக்கு மேல இன்னா கோடி?"

"நீங்க சாத்தினது உங்க ஊட்டு மருமகளுக்கு. எங்க ஊட்டுப் பொண்ணுக்கு எவன்யா சாத்துனது?"

கழுவின தண்ணீர் என் காலடிவரை வந்து நின்றது.

இன்று உன் சேலையையும் ஏரிக்கரைக்கு எடுத்துப் போனேன். ராணிக்குச் சாத்திவிடலாமா என்று நினைத்தேன். புது அடுக்குமாடியிலிருந்து நடக்க வந்த பெண் ஒருத்தி நின்று, "பாட்டி, இது எந்த அம்மன்?" என்று கேட்டாள். "அம்மன் இல்ல கண்ணு, எங்க ஊட்டுப் பொண்ணு" என்றேன். சொன்னதும் கை பின்வாங்கிவிட்டது. ராணிக்குச் சாத்த ஊர் இருக்கிறது. இது உன்னுடையது. அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

என் தாய்வீட்டில் இப்போது யாரும் மிச்சமில்லை. எனக்கும் கோடி கொண்டுவர ஆளில்லை. பேத்தியிடம் சொல்லிவைத்தேன்: "நான் பூட்டா, பீரோவுல கீற பச்ச சேலைய என் மேல போடு."

"அது அத்தப் பாட்டியோடதாச்சே, ஆயா?"

"அதனாலதான்டி. நான்தான எடுத்துகினு போய்க் குடுக்கணும்."

இந்தத் தடவை எந்த வாசலில் என்னை நிறுத்துகிறார்கள், பார்க்கிறேன்.